கோல்ஃப் கேமில் கொடிக்குக் கிட்ட வந்த பிறகு: குறுந்தூர அடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பிளேஸ்டேசன் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்த மாமா திரும்பிப் போகும்போது பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டுப் போனது. அதோடு பிஜிஏ டூர் 2கே21 கேமும் இருந்தது. முதல் ஆறு மாதம் அதை யாரும் தொடவில்லை. கிரிக்கெட்டும் கார் ஓட்டமும்தான். இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் சித்தியின் பிள்ளைகளும் ஒழுங்கைப் பெடியன்களும் கோல்ஃபுக்குத்தான் வரிசையில் இருக்கிறார்கள்.

அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் ஒரே இடத்தைப் பற்றித்தான். பந்து கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, கிட்ட வந்துவிட்டது, இனி என்ன செய்வது? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு கோல்ஃப் கேம் விளையாடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

குறுந்தூர அடி என்றால் எத்தனை யார் தூரத்துக்குள்?

நான் 100 யாருக்குள் வந்தாலே குறுந்தூரம் என்று எடுப்பேன். உண்மையான சிக்கல் 60 யாருக்குள்தான் தொடங்கும். ஏனென்றால் அங்கே எந்த வெட்ஜையும் (பந்தை உயரத் தூக்கும், முகம் நன்றாகச் சாய்ந்த குறுந்தூர மட்டை) முழுச் சக்தியில் அடிக்க முடியாது, குறைத்துத்தான் அடிக்க வேண்டும்.

யார் கணக்கு பிடிபடாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கிரிக்கெட் பிட்ச் ஒன்றின் நீளம் 22 யார். விக்கெட்டுக்கு விக்கெட் எவ்வளவு தூரம் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் கண்ணாலேயே தெரியும். 44 யார் என்றால் இரண்டு பிட்ச், 11 யார் என்றால் அரைப் பிட்ச். திரையில் எண்ணைப் பார்த்ததும் இப்படி மாற்றிப் பாருங்கள், தூரம் உடம்புக்கு விளங்கும். ஒரு யார் என்பது மூன்று அடி, ஒரு மீற்றரை விடக் கொஞ்சம் குறைவு.

அக்கா, பெரிய அடியெல்லாம் நேராகப் போகுது. கிட்ட வந்தால்தான் பிழைக்குது. ஏன்?

இதுதான் முதல் கேள்வி, முக்கியமான கேள்வியும் இதுதான்.

பெரிய அடியில் சக்தியைப் பற்றி நீங்கள் யோசிப்பதே இல்லை. மிக நீளமாக அடிக்கும் மட்டையான ட்ரைவர் 260 யார் போகும் என்றால் முழுதாக அடித்தால் போகும். நேராக அடிப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. கிட்ட வந்ததும் அந்த வேலை நாலாகப் பெருகிவிடுகிறது. எந்த வெட்ஜ், எவ்வளவு உயரம், எவ்வளவு சக்தி, விழுந்த பிறகு எவ்வளவு உருளும் என்று எல்லாவற்றையும் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பிழை விடுவது இந்த நாலிலும் இல்லை. அவர்கள் கொடியைப் பார்த்து அடிக்கிறார்கள்.

சித்தியின் மகன் ஒருநாள் 30 யாரில் நின்றான். குறி வட்டத்தைக் கொண்டுபோய்க் கொடியின் அடியிலேயே வைத்தான். அடித்த அடியில் குற்றமே இல்லை. பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது, விழுந்து உருண்டது, கிரீனைத் தாண்டிப் பின்பக்கப் புல்லுக்குள் போய் நின்றது. அங்கிருந்து மறுபடியும் கொடிக்கே குறி வைத்தான். இந்த முறை முன்பக்கத்தால் இறங்கிப் போனது. கிளித்தட்டில் கோடு மாறி மாறி ஓடுவது போல அந்தப் பந்து கிரீனை மூன்று முறை குறுக்கே கடந்தது. அவன் கொன்ட்ரோலரில் குறை சொன்னான். நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, பந்து எங்கே விழ வேணும் எண்டு நினைச்சாய்?" அவனிடம் பதில் இல்லை. கொடி இருக்கும் இடம் தெரிந்திருந்தது, பந்து விழ வேண்டிய இடத்தை அவன் தேடவே இல்லை.

எல்லைக்கோட்டில் இருந்து கீப்பருக்குப் பந்தெறிபவன் என்ன செய்வான்? கீப்பரின் கைக்குக் குறி வைத்து எறிந்தால் தலைக்கு மேலால் போகும் என்று தெரிந்து, ஒரு குத்துக் குத்திப் போகும்படி கீப்பருக்கு முன்னால் ஓர் இடத்தைப் பார்த்து எறிவான். குறுந்தூர அடியும் அதுதான். முதலில் கிரீனில் பந்து விழும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அந்த இடத்துக்குத்தான் அடி. அங்கிருந்து குழி வரைக்கும் தரை கொண்டுபோகும்.

விழும் இடத்தை எப்படித் தெரிவு செய்வது?

ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

கொடி 34 யாரில். கிரீனின் முன்விளிம்பு 22 யாரில், அதாவது ஒரு பிட்ச் தூரத்தில். விளிம்பில் இருந்து கொடிக்கு 12 யார் கிரீன் இருக்கிறது. கிரீன் உங்களை விட இரண்டு யார் உயரம். புல் ஒழுங்காக இருக்கிறது, இடையில் பங்கர் (மணல் குழி) இல்லை.

முதல் விதி, பந்து கிரீனிலேயே விழ வேண்டும். விளிம்புக்கு முன்னால் உள்ள புல்லில் விழுந்தால் எப்படிக் குதிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, விளிம்பிலேயே விழுத்தப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் குறைந்தாலும் புல்லுக்குள் போய்விடும். அதனால் விளிம்பைத் தாண்டி மூன்று நாலு யார் உள்ளே ஓர் இடம் எடுப்பேன். 26 யார் என்று வையுங்கள். மீதி 8 யார் உருள வேண்டும். சாண்ட் வெட்ஜில் பிட்ச் ஷொட் (இது கிரிக்கெட் பிட்ச் இல்லை, நடுத்தர உயரத்தில் போகும் அடி) அடித்தால் பறக்கும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உருளும் என்று நான் அளந்து எழுதிய கொப்பியில் இருக்கிறது. 26 பறந்து 8 உருளும், சரியாக வருகிறது. இனி ஏற்றத்துக்காக இரண்டு யார் கூட்டினால், அடிக்க வேண்டியது 28 யார் பறக்கும் அடி.

பார்த்தீர்களா? திரையில் 34 என்று இருந்தது, கையில் எடுத்தது 28. முதல் சில நாள் ஒவ்வொரு அடிக்கும் அரை நிமிடம் பிடிக்கும். பிறகு கண்ணே சொல்லிவிடும்.

பிட்ச், சிப், ஃப்ளொப் என்று மூன்று இருக்கு. எதை எப்போது எடுப்பது?

சிப் என்பது தாழப் பறந்து நீள உருளும் அடி. கிரீனுக்கு ஒட்டினாற்போல் நிற்கிறீர்கள், இடையில் தடை ஒன்றும் இல்லை, கொடி தள்ளி இருக்கிறது என்றால் சிப் எடுங்கள். போளையை உருட்டி விடுவது போன்றது. சக்தியில் கொஞ்சம் பிழைத்தாலும் இரண்டு யார்தான் பிழைக்கும்.

பிட்ச் நடுத்தரமானது. கொஞ்சம் உயரப் போய், விழுந்து கொஞ்சம் உருளும். 20 முதல் 60 யார் வரைக்கும் என் கை முதலில் இதற்குத்தான் போகும்.

ஃப்ளொப் மேலே எழும்பிக் கிட்டத்தட்ட செங்குத்தாக விழும், உருள்வது குறைவு. பார்க்க வடிவு, பெடியன்களுக்கு உயிர். ஆனால் நல்ல புல்லில் பந்து இருந்தால்தான் வேலை செய்யும். உயரப் போவதால் காற்று பிடிக்கும். டைமிங் கொஞ்சம் தவறினால் பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும். பங்கரைத் தாண்டினால் உடனே கொடி, உருள இடமே இல்லை என்ற நிலையில் மட்டும் எடுங்கள். வேறு வழி இருக்கும்போது ஃப்ளொப் எடுப்பதை நான் அனுமதிப்பதில்லை.

எனக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. உருட்ட முடிந்தால் பறக்க விட மாட்டேன். தாழப் பறக்க விட முடிந்தால் உயரப் பறக்க விட மாட்டேன்.

சிப் அடிக்க வெட்ஜ்தான் எடுக்க வேணுமா?

இல்லை. கேம் அனுமதித்தால் வெட்ஜை விட முகம் குறைவாகச் சாய்ந்த 7ஆம், 8ஆம் அயன் மட்டையிலும் சிப் அடிக்கலாம். உண்மைக் கோல்ஃபில் 12 கணக்கு என்று ஒன்று சொல்வார்கள். பந்து பறக்க வேண்டிய தூரத்தைப் போல எத்தனை மடங்கு உருள வேண்டும் என்று பாருங்கள். அந்த எண்ணை 12இல் இருந்து கழியுங்கள். வருவதுதான் அயன் எண். 3 யார் பறந்து 9 யார் உருள வேண்டும் என்றால் மூன்று மடங்கு, 12இல் 3 போக 9, ஆகவே 9ஆம் அயன். ஐந்து மடங்கு உருள வேண்டும் என்றால் 7ஆம் அயன். இரண்டு மடங்கு என்றால் 10 வரும், அதைப் பிட்சிங் வெட்ஜ் என்று எடுப்பார்கள். தரை மட்டமாக, கிரீன் நடுத்தர வேகத்தில் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. கேமில் அப்படியே பொருந்தும் என்று நம்பாமல் பத்து அடி அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பையில் எத்தனை வெட்ஜ் வைத்திருப்பது நல்லது?

விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது. அதற்குள் மூன்று அல்லது நாலு வெட்ஜ் வையுங்கள். மட்டையின் முகம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பிட்சிங் வெட்ஜ் 46 பாகை அளவில் இருக்கும், சாண்ட் வெட்ஜ் 56 அளவில், லொப் வெட்ஜ் 60 அளவில். பிட்சிங்குக்கும் சாண்டுக்கும் நடுவில் 10 பாகை இடைவெளி விழுவதால் 52 அளவில் ஒரு கேப் வெட்ஜ் வைத்தால் நிரம்பும். நீளமான மட்டை ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, இதைக் குறைக்காதீர்கள்.

பாதித் தூரத்துக்குப் பாதிச் சக்தி போதும்தானே?

இங்கேதான் பலர் மாட்டுப்படுகிறார்கள். கேமுக்குக் கேம் இது வேறு. சிலவற்றில் திரையில் உள்ள சக்தி மீட்டர் காட்டுவது தூரத்தின் வீதம். 80 யார் வெட்ஜில் 50 வீதம் என்றால் 40 யார். வேறு சிலவற்றில் மீட்டர் காட்டுவது வீச்சின் வேகம். பௌதிகப்படி பந்து பறக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. காற்றை விட்டுப் பார்த்தால் பாதி வேகத்துக்குக் கால்வாசித் தூரம்தான் வரும். உங்கள் கேம் எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

நான் செய்தது இது. ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தேன். காற்றில்லாத மட்டமான இடத்தில் பயிற்சிக்கு நின்று, ஒரே வெட்ஜ், ஒரே ஷொட் வகை எடுத்து, மீட்டரில் 25, 50, 75, 100 என்று ஒவ்வொன்றிலும் ஐந்து அடி அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு எண் எழுதினேன், பறந்த தூரமும் நின்ற தூரமும். நின்ற தூரத்தை மட்டும் எழுதினால் பயனில்லை, கிரீன் மாற அது மாறிவிடும். பறந்த தூரம் மாறாது. ஐந்தில் மிக நீண்டதையும் மிகக் குறைந்ததையும் வெட்டிவிட்டு மிச்சம் மூன்றின் நடுவை எடுத்தேன்.

மூன்று வெட்ஜ், இரண்டு ஷொட் வகை, நாலு அளவு, ஐந்து அடி. மொத்தம் 120 அடி. இரண்டு பின்னேரம் போதும். அந்த ஒரு பக்கம் கையில் வந்த பிறகு எங்கள் வீட்டில் விளையாட்டே மாறிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தைப் பெடியன்கள் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஏற்றம், இறக்கத்துக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்க வேணும்?

ஒரு யார் உயரத்துக்கு ஒரு யார் கூட்டுங்கள், ஒரு யார் பள்ளத்துக்கு ஒரு யார் குறையுங்கள். பந்து 45 பாகையில் இறங்கி வரும்போது இது சரியாக ஒன்றுக்கு ஒன்று. ஃப்ளொப் போலச் செங்குத்தாக இறங்கினால் அதைவிடக் குறைவாகக் கூட்டினால் போதும். தாழப் பறக்கும் சிப்புக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். உயரத்தை அடியில் காட்டும் கேமில் மூன்றால் பிரித்து யாராக்குங்கள். ஆறு அடி உயரம் என்றால் இரண்டு யார்.

காற்று?

சோளகம் வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் சைக்கிள் ஓடியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எதிர்க்காற்றில் மிதிப்பது எவ்வளவு கஷ்டமோ, பின்காற்று அந்தளவுக்கு உதவி செய்வதில்லை. பந்துக்கும் அப்படித்தான். எதிர்க்காற்று பறிப்பது அதிகம், பின்காற்று கொடுப்பது குறைவு.

கேமில் காற்று மணிக்கு மைலில் காட்டினால், 10 மைல் என்பது 16 கிலோமீற்றர். அந்தளவு காற்றில் சிப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. பந்து தரையோடு போகிறது, காற்றில் நிற்கும் நேரமும் சொற்பம். பிட்சுக்குக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃப்ளொப்பை அந்தக் காற்றில் நான் தொட மாட்டேன்.

ரஃப் புல்லுக்குள் பந்து போனால் என் கணக்கெல்லாம் பிழைக்குது, அக்கா.

பிழைக்கத்தான் செய்யும். மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் புல் மாட்டுப்படுகிறது. இதனால் இரண்டு விஷயம் நடக்கும். மட்டையின் வேகம் குறைகிறது, ஆகவே தூரம் குறைகிறது. மட்டை முகம் பந்தை நேரே பிடிக்காததால் ஸ்பின்னும் குறைகிறது, ஆகவே விழுந்த பிறகு அதிகம் உருளும். குறைவாகப் பறந்து கூடுதலாக உருளும் அடி வரும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள். விழும் இடத்தை இன்னும் முன்னால் கொண்டு வாருங்கள், சக்தியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

சில கேம்களில் பந்து கிடக்கும் நிலையை 80 முதல் 90 வீதம் என்பது போலக் காட்டும். அப்போது நடுவை எடுத்து, 85 வீதம்தான் போகும் என்று கணக்குப் போடுங்கள். மிகத் தடித்த புல் என்றால் கொடியை மறந்துவிடுங்கள். கிரீனின் மிக அகலமான பகுதிக்கு அடித்து ஏறினால் போதும்.

பங்கர் மணலில் இருந்து?

கிரீன் பக்கத்து பங்கரில் மட்டை பந்தை நேரே அடிப்பதில்லை, பந்துக்குப் பின்னால் உள்ள மணலை அடிக்கிறது. மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. அதனால் 15 யாருக்குக் கூட நீங்கள் நினைப்பதை விட நல்ல சக்தி வேண்டும். எங்கள் 2கே21 கேமில் இதற்கென்று ஸ்பிளாஷ் என்ற ஷொட் இருக்கிறது, அதை எடுங்கள். கொப்பியில் இதற்குத் தனிப் பக்கம் வையுங்கள், பிட்சின் எண்களை இங்கே கொண்டு வராதீர்கள்.

இதற்கான மட்டைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க வீரர் ஜீன் சரசன் அடிப்பகுதி தடித்த ஒரு வெட்ஜைத் தானே செய்து பார்த்து, 1932இல் பிரிட்டிஷ் ஓபனை அதோடு வென்றார். தடித்த அடி மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய சாண்ட் வெட்ஜ் அந்த வழியில் வந்ததுதான்.

கிரீன் சாய்வை எப்படி வாசிப்பது? கட்டம் கட்டமாகக் கோடு காட்டுது, ஒன்றும் விளங்கேல்லை.

அந்தக் கோடுகளில் சின்னப் புள்ளிகள் ஓடும். அவை ஓடும் பக்கம்தான் பள்ளம். கெதியாக ஓடினால் சரிவு அதிகம், நின்றால் அந்த இடம் மட்டம்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுகம். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலால் வந்து, மடையைத் திறந்ததும் வயலுக்குள் எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே தேங்குகிறது என்று வரம்பில் நின்று பார்ப்போம். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த தரையைத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் புள்ளிகளைத் தண்ணீர் என்று நினைத்துப் பாருங்கள். பந்து விழுந்து வேகம் குறைந்த பிறகு தண்ணீர் போகும் வழியில்தான் போகும்.

பலர் கொடியைச் சுற்றி மட்டும் சாய்வைப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது விழும் இடத்தின் சாய்வை. பந்து உங்களை நோக்கிச் சாய்ந்த தரையில் விழுந்தால் உடனே அடங்கும். அந்தப் பக்கம் சரியும் தரையில் விழுந்தால் உருள்வது இரட்டிப்பாகும். மேலே சொன்ன 34 யார் கணக்கில், 26ஆம் யார் இடம் பின்னுக்குச் சரிவாக இருந்தால் நான் இடத்தையே மாற்றிவிடுவேன்.

குறுக்குச் சாய்வுக்கு வேகம் முக்கியம். வேகமாக உருளும்போது பந்து அவ்வளவு வளையாது, கடைசி ஒன்றிரண்டு யாரில்தான் நன்றாக வளையும். அதனால் கொடிக்கு மேட்டுப்பக்கமாகக் குறி வையுங்கள்.

கிரீனின் வேகமும் ஈரமும் மாறும். ஈரமான கிரீன் மாரியில் உழுத வயல் போல, விழுந்த இடத்திலேயே பந்தைப் பிடித்துவிடும். காய்ந்து வேகமான கிரீன் ஆவணி மாதத்துத் தரை போல, எகிறித் தள்ளும். ஆட்டம் தொடங்கும்போது காட்டும் கிரீன் வேகத்தைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

ரீவியில் பெரிய வீரர்கள் அடிக்கும்போது பந்து பின்னால் உருண்டு வருகுதே. எனக்கு ஏன் வருகுதில்லை?

பின்சுழற்சிக்கு மட்டையின் வேகம் வேண்டும். 90 யாரில் இருந்து முழு வீச்சில் வெட்ஜ் அடித்தால் பந்து நன்றாகச் சுழலும், கிரீன் மென்மையாக இருந்தால் பின்னாலும் வரும். 20 யாரில் மெதுவாகத் தட்டும் அடியில் அந்த வேகம் இல்லை. பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அங்கே பந்து கெதியாக நிற்கும், அவ்வளவுதான். ரஃபில் இருந்தோ பின்னுக்குச் சரியும் கிரீனிலோ எதிர்பார்க்கவே வேண்டாம்.

இதில் இருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பார் 5இல், அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீளமான குழியில், இரண்டாவது அடியில் கிரீனை எட்ட முடியாது என்றால், முடிந்தளவு கிட்டப் போகப் பார்ப்பதில்லை. ஒரு வெட்ஜை முழுதாக அடிக்கக்கூடிய தூரத்தில், என் விஷயத்தில் 80 யாரில், பந்தை நிறுத்துகிறேன். உண்மைக் கோல்ஃபில் கிட்டப் போவதே பெரும்பாலும் நல்லது என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கேமில் முழு வீச்சு எளிது, அரை வீச்சு கஷ்டம். அதனால் இங்கே என் கணக்கு வேறு.

எல்லாம் சரியாகப் பார்த்தும் டைமிங் பிழைக்குது. என் கையிலா குறை?

கையைக் குறை சொல்வதற்கு முன் ரீவியைப் பாருங்கள். புதிய ரீவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட ஒரு கணம் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் அழுத்தியதும் திரை காட்டுவதும் ஒன்றாக இருக்காது. ரீவியின் செற்றிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் இந்தத் தாமதம் பெரிதும் குறையும். நான் ஒரு மாதமாக என் பெருவிரலைத் திருத்தப் பார்த்தேன். கேம் மோட் போட்ட அன்று பின்னேரம் அந்தப் பிழை முக்கால்வாசி போய்விட்டது.

அப்புறம், ஸ்டிக்கைப் பாருங்கள். பழைய கொன்ட்ரோலரில் ஸ்டிக் நேரே இழுத்தாலும் ஒரு பக்கம் சரிந்து போகும். தூசியும் வியர்வையும் பட்ட எங்கள் வீட்டு ஸ்டிக் இடப்பக்கம் இழுத்தது. வீச்சைச் சரிசெய்யும் பயிற்சி உங்கள் கேமில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்டிக்கைப் பெருவிரலின் நுனியால் தள்ளாமல், விரலின் நடுச்சதையை மேலே வைத்து இழுங்கள். பின்னுக்கு இழுத்த அதே நிதானத்தில் முன்னுக்கும் தள்ளுங்கள். குறுந்தூர அடியில் எங்கள் பெடியன்கள் எல்லாரும் மெதுவாக இழுத்துப் பயத்தில் வெடுக்கென்று தள்ளுவார்கள்.

மூன்று கிளிக் முறை நல்லதா, ஸ்டிக் முறை நல்லதா?

மூன்று கிளிக் முறையில் முதல் அழுத்தலில் கோடு ஓடத் தொடங்கும், இரண்டாவதில் சக்தி நிற்கும், மூன்றாவதில் நேர்த்தி தீர்மானமாகும். பழைய முறை. 1984இல் நின்டென்டோ வெளியிட்ட கோல்ஃப் கேமிலேயே இது இருந்தது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாட்டாதான் அதற்கு நிரல் எழுதியவர். 2கே வரிசையில் இந்த முறை 2கே23இல் வந்தது.

குறுந்தூர அடிக்கு மட்டும் கேட்டால் மூன்று கிளிக் எளிது, ஏனென்றால் சக்தியை ஓர் எண்ணில் நிறுத்தலாம். ஆனால் ஸ்டிக்கில் பழகிய பிறகு கை அந்தத் தூரத்தை நினைவில் வைக்கும். நான் ஸ்டிக். இரண்டையும் மாறி மாறி விளையாடுவதுதான் கூடாது.

போனில் விளையாடுபவர்களுக்கு?

கொப்பியும் விழும் இடமும் அங்கேயும் அதே. திரை சின்னது என்பதால் விரலே கிரீனை மறைத்துவிடும், அடிக்கும் முன் பெரிதாக்கிப் பாருங்கள். இணையத்தில் எதிராளியோடு விளையாடும் கேம் என்றால், சிக்னல் ஒழுங்காக இல்லாத இடத்தில் டைமிங் அடி அடிக்காதீர்கள்.

கரண்டும் நேரமும் குறைவு. ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றால் என்ன பழகுவது?

முழுச் சுற்று விளையாடாதீர்கள். 18 குழியில் உங்களுக்கு 30 யார் அடி நாலைந்துதான் வரும். பயிற்சிக்குப் போய் 15, 30, 45 யார் என்று மூன்று தூரத்தில் பத்துப் பத்து அடி அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் விழும் இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "விளிம்பில் இருந்து நாலு யார்." பந்து அங்கே விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். குழிக்குள் போனாலும், சொன்ன இடத்தில் விழாவிட்டால் அது பிழையான அடி. எங்கள் வீட்டில் இதையே போட்டியாக வைத்தோம். சொன்ன இடத்துக்கு ஒரு யாருக்குள் விழுந்தால் ஒரு புள்ளி, தோற்றவர் கச்சான் வாங்க வேண்டும். சித்தியின் மகன் இப்போது பத்துக்கு ஏழு எடுக்கிறான்.

கொடி ஓரமாக, பங்கருக்குப் பின்னால் இருந்தால்?

கொடியை விட்டுவிட்டுக் கிரீனின் நடுவுக்கு அடியுங்கள். 8 யார் புட் (கிரீனில் உருட்டும் அடி) ஒன்று மிஞ்சும், இரண்டு தட்டில் முடிப்பீர்கள். கொடிக்கு அடித்து பங்கருக்குள் போனால் அங்கிருந்து மூன்று ஆகும். அதற்கு முந்தைய அடியிலேயே இதை யோசித்துக்கொள்ளுங்கள். பிழைத்தாலும் கொடி இருக்கும் பக்கம் பிழைக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் பிழைத்தால் உருள விட நிறையக் கிரீன் கிடைக்கும்.

இலங்கையில் உண்மையான கோல்ஃப் மைதானம் எங்கே இருக்கு, அக்கா?

கொழும்பில் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இலும் நுவரெலியாவில் இன்னொன்று 1889இலும் தொடங்கின. கொழும்பு மைதானத்துக்கு நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது. திகணையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்திலும் ஒன்று இருக்கிறது. நான் இன்னும் ஒன்றிலும் கால் வைத்ததில்லை. ஒருநாள் நுவரெலியா கிரீனின் ஓரத்தில் நின்று, அந்தப் புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசை இருக்கிறது.

சிப்பை நேரே குழிக்குள் போடலாமா?

போடலாம், அடிக்கடி நடக்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், பந்து 43 மில்லிமீற்றர் அளவு. இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் போனாலும் இடம் மிஞ்சும். ஆனால் வேகமாக வரும் பந்துக்கு அந்தக் குழி சுருங்கிவிடும். விளிம்பில் பட்டு வெளியே எகிறும். குழியைத் தாண்டினால் ஒன்றரை அடியில் நிற்கும் வேகம்தான் வேண்டும். அதற்கு மறுபடியும் விழும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி 11 யாரில் இருந்து, அரைப் பிட்ச் தூரம், 9ஆம் அயனில் சிப் அடித்தாள். "மூண்டாம் யார்" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். மூன்றாம் யாரில் விழுந்தது, மேட்டுப்பக்கமாக உருண்டது, கடைசியில் வளைந்து விழுந்தது.